எமிலியன் அண்ணையின் மூன்றாம் அங்கம்

எமிலியன் அண்ணை திங்கட்கிழமை விடியற்காலை மருத்துவமனையில் காலமானார். இதை எனக்குத் தொலைபேசியில் சொன்னவர் அவருடைய மனைவி ஜெசிந்தா அக்கா. அது அழுது களைத்த குரலாக இருக்கவில்லை. நெடுநேரம் தூக்கி வந்த பெட்டியைக் கீழே வைத்தவரின் குரலாக இருந்தது.

"நித்திரையிலைதான் தம்பி. நான் கையைப் பிடிச்சுக்கொண்டு பக்கத்திலைதான் இருந்தனான். இனி அந்தக் குழாயும் இல்லை, இழுப்பும் இல்லை," என்றார். சற்றுப் பொறுத்து, "ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சிவநேசனோடை கதைச்சனீரோ?" என்று கேட்டார்.

கணவர் இறந்த காலையில் அவர் ஏன் அதைக் கேட்டார் என்பது அண்ணையை அறிந்தவர்களுக்குத் தெரியும். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

அண்ணை ஒஸ்லோவின் புறப்பகுதியான ரொம்மனில் குடியிருந்தார். ஒஸ்லோவில் பேருந்து ஓட்டினார். அருகே ஸ்டோவ்னரில் ஒரு கட்டடத்தின் நிலக்கீழ் அறையில் இருக்கிறது எங்கள் தமிழ் வானொலி. ஞாயிறு பிற்பகல்களில் ஐந்து மணி வரை அதற்கு இரண்டு மணித்தியாலம் கிடைக்கும். முதலில் நான் செய்தி வாசிப்பேன்; அதனால் அண்ணை என்னை 'நிருபர்' என்றே கூப்பிடுவார். பிறகு அவருடைய இசை நிகழ்ச்சி. சென்ற இலையுதிர் காலத்தில் அவர் ஒரு பெரிய காரியத்தைத் தொடங்கினார். புகழ்பெற்ற அமெரிக்க ஓபரா ஒன்றின் முழுமையான ஸ்டூடியோ ஒலிப்பதிவை, மூன்று அங்கங்களாக, ஒரு வரியும் விடாமல் ஒலிபரப்புவது. ஒவ்வோர் அங்கத்துக்கும் முன்னால் கதையைத் தமிழில் தானே சொல்வது. ஓபராவின் உண்மையான பெயர் நேயர்களின் வாயில் நிற்கவில்லை. 'எமிலியன் அண்ணையின்ரை பெரிய பாட்டு' என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். இரண்டு அங்கங்கள் ஒலிபரப்பாகின. மூன்றாவது நின்றுபோனது. அது முழுதாகப் போகுமா என்பதே கடைசி மாதங்களில் அவருக்கு இருந்த கவலை.

அந்த ஒலிப்பதிவின் இசைத்தட்டுப் பெட்டியை அவர் வாங்கிய அன்று நான் கூட இருந்தேன். பழைய இசைத்தட்டுகள் விற்கும் கடை ஒன்று. கடைக்காரர் முதலில் ஒரு தனித் தட்டை நீட்டினார். ஓபராவின் பேர்போன பாட்டுகள் மட்டும் அதில் இருந்தன. அண்ணை நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தார். முழுப் பெட்டியைத் தேடி எடுத்தார். வெளியே வந்ததும் என்னிடம், "பாட்டை மட்டும் கேக்கிறவன் கலியாண வீட்டுக்குப் போய்ப் பலகாரத்தை மட்டும் திண்டிட்டு வாறவன். பொம்பிளை ஆர், மாப்பிளை ஆர் எண்டு கேட்டால் முழிப்பான்," என்றார்.

மேடையில் நடக்கும்போது பிடித்த பதிவில்தானே உயிர் இருக்கும் என்று நான் கேட்டேன்.

"மேடையிலை வெட்டுவாங்கள், நிருபர். பாடுறவைக்குக் களைக்கும். பாக்க வந்தவைக்குக் கடைசி ரெயினைப் பிடிக்கோணும். ஸ்டூடியோவிலை ஆருக்கும் அவசரம் இல்லை. எழுதினவன் எழுதினது முழுக்க இதிலை கிடக்கு."

அவர் மன்னாரில் தேவாலய முற்றங்களில் நாட்டுக்கூத்து ஆடியவர். ஓபரா அவருக்கு அந்நியமாக இருக்கவில்லை. "இதுவும் கூத்துத்தான். ஆட்டத்தைப் பழக்குற அண்ணாவியார் மட்டும் கீழை நிண்டு கையை ஆட்டுறார்," என்பார்.

முதலாம் அங்கம் ஒலிபரப்பான ஞாயிறை ஒஸ்லோத் தமிழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த அங்கத்தில் ஒரு கொலை நடக்கிறது. அதைத் தொடர்ந்து செத்தவீடு. அயலவர்கள் கூடி அழுது பாடுகிறார்கள். எங்கள் வானொலியிலோ மரண அறிவித்தலுக்கு முன்னால் சோக இசை போடுவது வழக்கம். அது கேட்டால் சமையலறையில் நிற்பவர்கள் அடுப்பைக் குறைத்துவிட்டு வானொலிக்குக் கிட்ட வருவார்கள். ஊரில் மறுபடி சண்டை மூண்டிருந்த நேரம் வேறு. அண்ணையின் அறிமுகத்தைத் தவறவிட்டு இடையில் வானொலியைத் திறந்தவர்களுக்கு ஒரு கூட்டமே ஓலமிட்டு அழுவது மட்டும் கேட்டது.

தொலைபேசி அடித்தது. எடுத்தவர் வானொலிக் குழுவின் தலைவர் சிவநேசன்.

"ஆர் தம்பி மோசம் போனது?" என்று ஒரு பெண் கேட்டார்.

"ஒருத்தரைக் குத்திப்போட்டாங்கள் அம்மா. இப்ப செத்தவீடு நடக்குது."

"ஐயோ, எங்கை?"

"அமெரிக்காவிலை."

சிவநேசன் கதையைத்தான் சொன்னார். கேட்டவருக்கு அது செய்தியாகிவிட்டது. அமெரிக்காவில் பிள்ளை உள்ளவர் யார் என்று வீட்டுக்கு வீடு விசாரித்தார்கள். விசாரணை ரொம்சோஸில் தனியாக வசிக்கும் மாணிக்கத்தாரிடம் போய் முடிந்தது. அவருடைய மகன் அமெரிக்காவில் இருக்கிறார். செத்தவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்பதால், பொழுது படுவதற்குள் பிட்டும் சம்பலும் இடியப்பமும் கொண்டு ஆட்கள் அவர் வாசலில் நின்றார்கள். விஷயத்தை அவர் அவர்களிடம்தான் முதலில் அறிந்தார். உடனே மகனுக்குத் தொலைபேசி எடுத்தார். மறுமுனையில் மகன், "என்னப்பா, நான் வேலையிலை நிக்கிறன்," என்ற பிறகுதான் கதிரையில் உட்கார்ந்தார்.

அடுத்த கூட்டத்தில் வானொலிக் குழு பெரிய பாட்டை நிறுத்தத் தீர்மானித்தது. அண்ணை எதிர்த்துப் பேசவில்லை. "அந்த மனிசனிட்டைப் போகோணும். நீரும் வாரும்," என்று என்னை அழைத்துக்கொண்டு ரொம்சோஸுக்குப் போனார்.

மாணிக்கத்தார் கதவைத் திறந்து அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஓ, நீர்தானோ என்ரை பிள்ளையைச் சாகடிச்சது?"

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ ஐயா."

"பத்து நிமிசம் எனக்கு உயிர் இல்லை, காணும். உள்ளுக்கு வாரும். குளிர்ப்பெட்டி நிறையப் பிட்டு. செத்தவீட்டைச் செய்த ஆள் நீர்தான், இருந்து திண்டு முடியும்."

அண்ணை மறுக்காமல் உட்கார்ந்து சாப்பிட்டார். அவர் கை கழுவும்போது கிழவர் கேட்டார்: "அது கிடக்க, அந்தக் குத்தினவன் பிடிபட்டவனோ?"

"அது இரண்டாம் அங்கத்திலை ஐயா. ஆனால் இனிப் போடேலாது. நிப்பாட்டிப் போட்டினம்."

"ஆர் நிப்பாட்டினது? எனக்கில்லாத கோவம் அவைக்கு என்னத்துக்கு? சிவநேசனின்ரை நம்பரைத் தாரும்."

இரண்டாம் அங்கம் அப்படித்தான் மீண்டது. குழு ஒரு நிபந்தனை வைத்தது: கால் மணிக்கு ஒருமுறை இசையை நிறுத்தி, இது கதை என்று அறிவிக்க வேண்டும். அண்ணை இசையை நிறுத்தச் சம்மதிக்கவில்லை. தட்டின் ஒரு பக்கம் முடிந்து மறுபக்கம் திருப்பும் இடைவெளியில் அறிவிப்பதாகச் சொன்னார். அந்த ஞாயிறு தட்டைத் திருப்பியபடி அவர் சொன்ன வசனம் இது: "நேயர்களே, நீங்கள் கேட்பது கதை. எங்கடை ஆக்கள் எல்லாரும் சுகமாய் இருக்கினம்." நாட்டில் இருந்து நல்ல செய்தி எதுவும் வராத நாட்கள் அவை. கதையோ பாட்டோ விளங்கவில்லை, அந்த வசனத்துக்காகத்தான் வானொலியை அணைக்காமல் இருந்தேன் என்று ஒரு தாய் பிறகு என்னிடம் சொன்னார்.

நத்தார் பண்டிகைக்குப் பின் அண்ணையின் குரல் கம்மியது. குரல்வளையை எடுத்துவிட வேண்டும் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அவர் முதலில் என்னைக் கூப்பிட்டார். சத்திரசிகிச்சைக்கு முன்பே மூன்றாம் அங்கத்துக்கான அறிமுகத்தைப் பதிந்துவிட வேண்டும் என்றார். ரொம்மனில் அவர்களுடைய வரவேற்பறையில் ஜன்னல்களை மூடி, கம்பளியால் கதவிடுக்கை அடைத்து, சிறிய ஒலிப்பதிவுக் கருவியில் பதிந்தோம். ஒலிவாங்கியை ஜெசிந்தா அக்கா பிடித்தார்.

"காணும், கொஞ்சம் தண்ணியைக் குடியுங்கோ," என்றார் அக்கா.

"நீர் கையை ஆட்டாதையும். சத்தம் விழுது."

"பாடினவைக்குக்கூட இவ்வளவு கரைச்சல் இருந்திராது."

நடுவில் ஒரு பெரிய இருமல் வந்தது. அதை வெட்டிவிடலாம் என்றேன். "விடும். முழுசா எண்டால் இருமலும் சேர்த்துத்தான்," என்று சிரித்தார். பக்கம் திருப்பும்போது போடுவதற்கான அந்த வசனத்தையும் கடைசியாகச் சொல்லிப் பதிந்தார். பதிவு நல்லபடி முடிந்தபோது மூவரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டோம். அதுவே அவர் குரலின் கடைசிப் பதிவு.

அதை உடனே ஒலிபரப்பியிருக்கலாம். ஊசியைத் தானே வைக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். தேறி வருவார் என்று நாங்களும் காத்திருந்தோம். அவர் தேறவில்லை.

திங்கள் மாலை சிவநேசன் என்னிடம் தன் சங்கடத்தைச் சொன்னார். வானொலியில் பணியாற்றிய ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் வரை இசை நிகழ்ச்சி இல்லை என்பது எங்கள் வழக்கம். அது கழிந்தால் கோடை விடுமுறை. விடுமுறைக்குப் பின் எங்கள் நேரம் ஒரு மணித்தியாலமாகக் குறைகிறது. மூன்றாம் அங்கம் அதற்குள் அடங்காது. "அண்ணையின்ரை அறிமுகத்தையும் இரண்டு நல்ல பாட்டையும் அஞ்சலியாய்ப் போடுவம்," என்றார். அவருக்கு இன்னொரு தயக்கமும் இருந்தது. "அடக்கம் முடிஞ்ச கிழமையிலை, எங்கடை ஆக்கள் எல்லாரும் சுகமாய் இருக்கினம் எண்டு அவரின்ரை குரலிலையே எப்பிடிப் போடுறது? சனம் என்ன சொல்லும்?" உண்மையில்லாத ஒன்றை வானொலியில் சொல்ல எனக்கும் மனம் வராது.

செவ்வாய்க்கிழமை இருவரும் ரொம்மனுக்குப் போனோம். சிவநேசன் தயங்கித் தயங்கி எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். ஜெசிந்தா அக்கா குறுக்கிடாமல் கேட்டார்.

"இரண்டு பாட்டெண்டால் ஒண்டும் போடவேண்டாம்," என்றார் பிறகு. "அவர் அதுக்கோ இவ்வளவு பாடுபட்டவர்?"

"அந்த வசனம், அக்கா..."

"அதிலை என்ன பிழை? ஆறு மாதம் அவர் பட்டதை நான் பாத்தனான். நேற்று விடியத்தான் அவருக்குச் சுகம் வந்தது. அவர் இப்ப சுகமாய்த்தான் இருக்கிறார் சிவநேசன். நான் சொல்லுறன், போடுங்கோ."

சிவநேசன் என்னைப் பார்த்தார். நேரில் இருந்து பார்த்தவரின் வாக்குமூலத்துக்கு மேல் எனக்கு வேறு ஆதாரம் தேவைப்படவில்லை.

நேற்று மாலை குழு கூடியது. வழக்கத்தை இம்முறை தளர்த்துவதென்றும், மரண அறிவித்தல்களை நிகழ்ச்சிக்கு முன்பே வாசித்துவிட்டு மூன்றாம் அங்கத்தை முழுமையாக ஒலிபரப்புவதென்றும் முடிவாகியது. கூட்டம் முடிந்த கையோடு சிவநேசன் எனக்கு அழைத்துச் சொன்னார். நான் அக்காவுக்குச் சொன்னேன். "அப்பாடா," என்றார்.

அண்ணையிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு சின்னப் பழக்கம். கடைசிச் சுரம் அடங்கிய பிறகும் அவர் ஊசியைத் தூக்க மாட்டார். பாடியவர்கள் மூச்சு விடுவதற்கு இடம் கொடுக்க வேண்டும் என்பார். நான் செய்தியை வாசித்து முடித்த கையோடு ஒலிவாங்கியை அணைப்பவன். இப்போது அணைப்பதில்லை. கெட்ட செய்தியானாலும் கேட்டவர் மூச்சு விடட்டும் என்று சற்றுப் பொறுக்கிறேன்.

நல்லடக்கம் வெள்ளிக்கிழமை. ஞாயிறன்று தட்டில் ஊசியை வைக்கப்போவது ஜெசிந்தா அக்கா. அவர் இதுவரை அதைத் தொட்டதில்லை, சனிக்கிழமை கலையகத்துக்கு வந்து பழகிப் பார்க்கிறார். கதை எப்படி முடிகிறது என்பதை அண்ணை மனைவிக்கும் சொல்லவில்லை, அறிமுகத்திலும் சொல்லவில்லை. நானும் முன்கூட்டிக் கேட்டுப் பார்க்கவில்லை. அது ஞாயிறு மாலை ஐந்து மணிக்குச் சற்று முன்னர் தெரியவரும்.