பாண் புடிங்கும் கப்பலும்

சுதந்திரத்துக்குப் பிந்திய பத்து வருடங்களை எங்கள் மண்டையில் ஏற்ற முடியாமல் களைத்துப்போன வரலாறு மிஸ், கடைசியில் சமையலைப் பிடித்தார். அந்தக் காலத்தில் வீட்டார் சாப்பிட்ட ஒன்றைச் செய்து கொண்டுவரவேண்டும். செய்முறையை அவர்கள் சொன்னபடியே, ஒரு சொல்லும் மாற்றாமல் வகுப்பில் சொல்லவேண்டும். முதலாவது வருபவருக்கு வாட்டர் கலர் பெட்டி. கிருலப்பனையிலிருந்து வரும் சிநேகிதி லவ் கேக் கொண்டுவரப் போகிறாள் என்று கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது.

எங்கள் வெள்ளவத்தை வீட்டில் அந்தக் காலத்து ஆள் ஒருவர்தான். அப்பாவின் பெரியப்பா, வீட்டில் எல்லாருக்குமே அவர் பெரியப்பாதான். கலியாணம் கட்டாத, ஓய்வுபெற்ற கிளாக்கர். இளந்தாரியாக ஊரிலிருந்து வந்து இதே வெள்ளவத்தையில் ஒரு சம்மறியில், அதாவது தனிக்கட்டை உத்தியோகத்தர்கள் சேர்ந்து வாடகைக்கு எடுத்த வீட்டில், இருந்தவர். அங்கே சமையலுக்கு நின்றவரிடம் ஒருநாள் பாண் புடிங் பழகினாராம்.

“பழைய பாணைப் பிச்சுப் பாலிலை ஊறவிடு. முட்டையை அடிச்சு ஊத்து. பிளம்ஸ் தூவு. டின்னிலை போட்டு மூடிக் கொதிதண்ணிக்குள்ளை இறக்கு.”

“பிறகு?”

“பிறகென்ன, கப்பல் ஏறினதுதான்.”

பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். மேலே கேட்டால் எரிந்து விழுவார். அம்மா தன் கணக்குக்கு அவித்து இறக்கினார்.

வகுப்பில் நான் ஒரு சொல்லும் மாற்றவில்லை. கொதிதண்ணிக்குள் இறக்கவேண்டும், பிறகு கப்பல் ஏறவேண்டும் என்றதும் எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். பெட்டி போச்சு என்று எனக்கு அழுகை முட்டியது. மிஸ் மட்டும் சிரிக்கவில்லை. அது எந்த வருடம் என்று கேட்டார், தெரியாது என்றேன். பெட்டியை என்னிடமே தந்தார். லவ் கேக்காரி ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை.

மிஞ்சிய துண்டைப் பெரியப்பாவிடம் கொடுத்தேன். ஒரு வாய் வைத்துவிட்டு, “இதுதானோ ருசி?” என்றார். தான் செய்த புடிங்கின் ருசியே தெரியாத மனுஷனைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது.

சம்மறியில் அந்த டின் அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கும்போதே தமிழரை அடிக்க ஆட்கள் தெருவுக்குள் வந்ததும், பெரியப்பாவும் மற்றவர்களும் பின்மதிலால் பாய்ந்து ஓடியதும், அகதிகளாகக் கப்பலில் ஊருக்கு அனுப்பப்பட்டதும் நான் வளர்ந்த பிறகு அப்பா சொல்லித்தான் தெரியும். அன்றைக்கு எனக்குக் கப்பல் என்றால் உல்லாசம்.

“பெரியப்பா, அடுத்தமுறை கப்பல் ஏறேக்கை என்னையும் கூட்டிக்கொண்டு போங்கோ!”

அவர் ஓம் என்று சொல்லும்வரை நான் விடவில்லை.