நல்லூரில் வழி கேட்டவா

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், சண்டையால் யாழ்ப்பாணப் பாதை மூடியிருந்த காலம், ஸ்கந்தபுரத்திலிருந்து அங்குள்ள கண் வைத்தியரிடம் போனேன். பக்கத்து வயல்கார அம்மாவும் கூட வந்தா. உயரமான, மெலிந்த மனுசி. எங்கே நடந்தாலும் வேலி இலைகளைக் கையால் தடவிக்கொண்டே நடப்பா.

படகில் கடலேரியைக் கடந்தோம். மறுநாள், "நான் பிறந்த வீட்டைக் காட்டுறன், வாங்கோ" என்று என்னை நல்லூருக்குக் கூட்டிப்போனா. பட்டணத்தின் ஓரத்தில், ஒரு காலத்தில் அரசர்கள் இருந்த ஊர். தெருவில் வெயில் விழாதபடி வேம்பும் மாவும் அடர்ந்து நின்றன. வாசலில் நீலக் கேற் போட்ட ஒரு வீட்டின் முன்னால் அம்மா நின்றா. இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் வாங்குவதற்காக அவாவின் தகப்பன் விற்ற வீடு அது.

"உள்ளுக்குப் போவமே அம்மா?" என்றேன்.

"நல்ல ஆக்களாம். தேத்தண்ணியும் தருவினம். ஆனால் அந்த விறாந்தையிலை விருந்தாளியாய் இருக்க என்னாலை ஏலாது."

அதற்குள் வீட்டுக்காரர் எங்களைக் கண்டு வெளியே வந்தார். "ஆரைத் தேடுறியள்?"

"கோயிலுக்கு எந்தப் பக்கத்தாலை போறது, தம்பி?" என்று அம்மா கேட்டா.

அவர் தெருவுக்கு இறங்கி வந்து, ஒவ்வொரு தெரு முடக்காக விளங்கப்படுத்தினார். அம்மா தலையாட்டித் தலையாட்டிக் கடைசிவரை கேட்டா. பிறகு அவர் காட்டிய பக்கமே நடந்தா. திரும்பித் திரும்பிப் பார்த்தது நான்தான்.