முல்லைத்தீவுக் கடலில் இரையில்லாத தூண்டில்

ஆழ்கடலில் மீன் பிடிப்பதை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. என்னோடு வேலை செய்யும் தோழியின் அண்ணன் அன்ரன், முல்லைத்தீவில் படகு வைத்திருக்கிறார். "சித்திரையில கடல் அடங்கும், அப்ப வரச்சொல்லு" என்றாராம். கடந்த சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை வவுனியாவில் பேருந்து ஏறினேன். புளியங்குளம், நெடுங்கேணி வழியாக இரண்டரை மணி நேரம். கட்டணம் 340 ரூபாய்.

மறுநாள் காலை 5.40க்குப் புறப்பட்டோம். அன்ரன் அண்ணை, அவருடைய மச்சான் ரூபன், நான். எரிபொருளுக்கு 9,000 ரூபாய் கொடுத்தேன். உயிர்காப்பு அங்கி அணிந்தவள் நான் மட்டும்.

சூரியன் முதலில் வலக் கன்னத்தில் சுட்டது, பிறகு நெற்றியில், கொஞ்ச நேரத்தில் முதுகில். திரும்பிப் போகிறோமா? கடலைப் பற்றி நிறைய வாசித்திருக்கிறேன். அது எதுவும் உதவவில்லை. 7.25க்கு இயந்திரத்தை நிறுத்தி இருவரும் தூண்டிலை இறக்கினார்கள். முள்ளில் இரையே இல்லை. கணவாய்த் துண்டுகள் வைத்த பெட்டி மூடியபடி கிடந்தது. இதுவும் ஒரு முறையாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பின்னால் வந்த இன்னொரு படகும் சற்றுத் தள்ளி நின்றது. அதிலிருந்து ஒருவர் கத்தினார்: "என்ன அன்ரன், வந்த பிள்ளைக்கு வெறுந் தண்ணியைக் காட்டுறியோ?"

"உனக்கும் சேத்துத்தான் காட்டுறம், வடிவாப் பார்!" என்றார் ரூபன்.

முக்கால் மணி நேரம் கழித்து அந்தப் படகு அலுத்துப் போய்விட்டது. அது மறைந்ததும் அன்ரன் அண்ணை துவாயில் சுற்றி வைத்திருந்த ஜிபிஎஸ் கருவியை எடுத்தார். படகு பறந்தது. ஒன்பது மணிக்கு நின்ற இடமும் என் கண்ணுக்கு அதே தண்ணீர்தான். ஆனால் இம்முறை முள்ளில் கணவாய் ஏறியது. விளைமீன், விளைமீன், பிறகு ரூபனின் விரலைக் கயிறு அறுக்கும்படி இழுத்த ஒரு பாரை.

"கீழ பார் கிடக்கு, கல்லுத்தரை. ரெண்டு வருசம் தேடிக் கண்டுபிடிச்சது" என்றார் ரூபன். "தெரிஞ்சால் வலையோட வந்து ஒரு கிழமையில வழிச்சுப் போடுவாங்கள். ரெண்டு வீட்டு அடுப்பும் இதிலதான் எரியுது."

திரும்பும் வழியில், அவர்கள் மகிழ்வார்கள் என்று நினைத்துக் கைபேசியை நீட்டினேன். போன பாதை முழுவதும் நீலக் கோடாக அதிலிருந்த ஒரு செயலியில் பதிவாகியிருந்தது. யாரும் சிரிக்கவில்லை.

"போச்சு" என்றார் ரூபன்.

"தங்கச்சி, இதை ஆரும் பாப்பினமோ?" என்று அன்ரன் அண்ணை கேட்டார்.

"வலைப்பூவில போடுவன் அண்ணை. ஒரு ஆயிரம் பேர் வாசிப்பினம்."

"இந்தக் கடலில அவ்வளவு வள்ளமே இல்லை, பிள்ளை!"

கரையை நெருங்கி இணைப்புக் கிடைத்ததும் அது தானாகவே இணையத்தில் ஏறிவிடும். எந்தப் பொத்தானை அழுத்துவது என்றே தெரியவில்லை. பாதையை அழித்தேன், படங்களை அழித்தேன், கடைசியில் அந்தச் செயலியையே நீக்கினேன். "அழிஞ்சிட்டுதோ?" என்று அன்ரன் அண்ணை கேட்டார். ஓம் என்றேன். முழுக்க அழிந்ததா என்று எனக்கே நிச்சயமில்லை. அவர் என்னை நம்பினாரா என்பதும் தெரியவில்லை. இறங்கும்போது ஒரு பாரையைக் கையில் தந்தார்.

போக விரும்புகிறவர்களுக்கு: சித்திரை முதல் ஆவணி வரை கடல் அமைதி. தொப்பியும் எலுமிச்சம்பழமும் கொண்டு போங்கள். கைபேசியைக் கரையிலேயே அணைத்துவிடுங்கள். படகு எத்தனை கிலோமீற்றர் போனது, எந்தத் திசையில் என்று கேட்டுக் கருத்துப் பெட்டியில் எழுதாதீர்கள். உண்மையாகவே எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதில் இவ்வளவு நிம்மதி எனக்கு இதற்கு முன் இருந்ததில்லை.