ஒன்பது சமன்பாடுகள்

நான் மூன்று வருடம் பாடுபட்டு எழுதிய கணினி மாதிரியை அவள் நாலே மாதத்தில் ஒன்பது சமன்பாடுகளாகச் சுருக்கிவிட்டாள். எனக்கு வயிறு எரிந்தது.

காரைக்குடியில் ஒரே பேராசிரியரிடம் நாங்கள் இருவரும் ஆராய்ச்சி மாணவிகள். அவள் எனக்கு இரண்டு வருடம் இளையவள். தேவகோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். அணு இணைவு உலைக்குள் கொதிக்கும் பிளாஸ்மா என்ற மின்னேறிய வாயுவைச் சுவரில் படாமல் பிடித்து வைத்திருப்பவை காந்தங்கள். அது நழுவத் தொடங்கினால் கண் இமைப்பதற்குள் அவற்றின் மின்னோட்டத்தைத் திருத்த வேண்டும். என் மாதிரி அந்த நழுவலை அச்சு அசலாகச் சொல்லும். ஆனால் ஒரு நொடியைக் கணக்கிடவே இரண்டு நாள் பிடிக்கும். அவளோ என் முடிவுகளையெல்லாம் வாங்கி, அவற்றில் முக்கியமான அசைவுகளை மட்டும் பொறுக்கி எடுத்தாள். அவளுடைய மாதிரி பழைய லேப்டாப்பிலேயே உடனுக்குடன் ஓடியது.

அதை ஓட்டிக் காட்டிய அன்று சார் வாய்விட்டுச் சிரித்தார். "இதைத்தாம்மா இத்தனை வருசமாத் தேடிக்கிட்டிருந்தேன்" என்றார். என் வேலைக்கு அவர் கொடுத்ததெல்லாம் ஒரு தலையசைப்புதான்.

ஒரு வாரம் சரியாகச் சாப்பிடாமல் அவள் மாதிரியில் ஓட்டை தேடினேன். கிடைத்தது. பிளாஸ்மா செங்குத்தாக நீண்டு சட்டென்று கீழே சரியும் ஒரு நிலையில், அது அசையாமல் நிற்பதாக அவளுடைய மாதிரி சொன்னது. அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வெளியூர்ப் பேராசிரியர்கள் வந்திருந்த ஆய்வுக் கூட்டத்தில் அவள் பேசி முடித்ததும் எழுந்து நின்று அதைப் பற்றிக் கேட்டேன்.

அவள் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "தெரியலை. பாக்கணும்" என்றாள். நான் உட்கார்ந்தேன். நினைத்த அளவுக்கு இனிக்கவில்லை.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் என்னருகே வந்து நின்றாள்.

"அக்கா, இதை எப்பப் பாத்தீக?"

"போன வாரம்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேக்கா."

தேவகோட்டை பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை அவளே என் மேசைக்கு வந்து, சரிவு பற்றிய என் கோப்புகளைக் கேட்டாள். முகத்தில் கோபம் தெரிந்தது, குரலில் இல்லை. கொடுத்தேன். மூன்று வாரம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தோம். அவளுடைய மாதிரியில் விட்டுப்போயிருந்த அசைவைக் கண்டுபிடித்தது அவள்தான். சமன்பாடு பத்தானது. கட்டுரையில் என் பெயரையும் சேர்த்தாள். அந்தக் குறையைக் கண்டுபிடித்தது நான்தான் என்று தனியாக ஒரு வரியும் எழுதியிருந்தாள். அந்த வரியை நான் ஒருமுறைதான் படித்தேன்.

பிறகு வடக்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் நிஜ உலையிலேயே அந்தப் பத்துச் சமன்பாடுகளைச் சோதிக்க அவளை அழைத்தார்கள். அங்கிருந்து போன் செய்தாள்.

"அக்கா, விழலைக்கா! விழப்போனதைப் புடிச்சு நிறுத்திருச்சு!"

பின்னால் ஆட்கள் கைதட்டும் சத்தம் கேட்டது. எனக்குக் கண் கலங்கியது. சந்தோஷம்தான். அந்தக் கைதட்டலுக்கு நடுவில் நான் நிற்கவில்லையே என்பதும் அதே கண்ணீரில் இருந்தது.

அவள் அங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். நான் இங்கே கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். மாணவர்களுக்கு முதலில் அவளுடைய பத்துச் சமன்பாடுகளைத்தான் எழுதிப் போடுகிறேன். ஒரே வகுப்பில் புரிந்துகொள்கிறார்கள். என் மாதிரியைக் கடைசி வாரத்துக்கு வைத்திருக்கிறேன். பெரும்பாலும் அதற்குள் பருவம் முடிந்துவிடுகிறது.