சுகந்தி அக்கா அளந்த தண்ணீர்

அவிநாசியில் பஸ் ஏறி உட்கார்ந்தபோது துறைத்தலைவர் அழைத்தார். "சுகந்தி போயிட்டாம்மா" என்றார். காய்ச்சலென்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தது தெரியும். முந்தின நாள்கூட, "வந்ததும் லேப் பிளாஸ்க்கையெல்லாம் பாப்பேன். கழுவாம வெச்சிருந்தே, தொலைஞ்சே" என்று எனக்குச் செய்தி அனுப்பியிருந்தார். சாகப்போகிறவர் பிளாஸ்க்கைப் பற்றிக் கேட்பாரா? முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. அழுகை பிறகுதான் வந்தது.

இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் பலருக்கு அவரை வேதியியல் துறையின் ஆய்வு மாணவியாகத் தெரியும். நான் கோடை விடுமுறைப் பயிற்சிக்கு வந்து அவரிடம் மாட்டிக்கொண்டவள். சாயப்பட்டறைகளில் சுத்திகரித்த தண்ணீரைச் சோதிப்பது எங்கள் வேலை. முதல் நாளே ஒரு குடுவையைத் தூக்கிப் பார்த்து, "பளிச்சுனு இருக்குதுங்க்கா, நல்ல தண்ணிதான்" என்றேன். "பாத்தாவே தெரியும்னா நாம எதுக்குடி இங்க உக்காந்திருக்கறோம்? அளந்துட்டுப் பேசு" என்றார். அன்று முழுக்க அவர்மேல் எனக்கு எரிச்சல்.

ஒருநாள் அவருடைய பெரியப்பாவின் பட்டறைத் தண்ணீரே வந்தது. அதைத் தோப்பில் பாய்ச்ச அனுமதி வாங்க, துறையின் சான்று அவருக்குத் தேவைப்பட்டது. அப்பா இல்லாத அக்காவைப் படிக்க வைத்தவர் அவர். தண்ணீரில் சாயம் துளியும் இல்லை. உப்பு மட்டும் அப்படியே இருந்தது. அக்கா கருவியைக் கழுவிக் கழுவி மறுபடி அளந்தார். கடைசியில் சான்றில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார்.

பெரியப்பா நேரிலேயே வந்தார். "ஏங்கண்ணு, ஊட்டுப் புள்ளை நீயே இப்படிப் பண்ணுனா எப்படி?"

"பக்கத்துக் காட்டுக் கெணறெல்லாம் கெட்டுப்போயிருமுங்க பெரியப்பா. அப்புறம் என்ற கையெழுத்த வெச்சு என்ன பண்ணுவீங்க?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அந்த மாதமே பெரியப்பா மகனுக்குக் கல்யாணம். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு இணைச்சீர்ச் சடங்கு செய்வது சகோதரியின் உரிமை. கூடப் பிறந்த பெண் இல்லாததால் அக்காதான் செய்வதென்று எப்போதோ பேசிவைத்திருந்தார்கள். அதை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள். பத்திரிகைகூட வரவில்லை. முகூர்த்தத்தன்று அக்கா சீருக்கென்று எடுத்த பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு, மேலே வெள்ளைக் கோட்டும் மாட்டி, ஆய்வகத்துக்கு வந்தார். "எடுத்தாச்சு, கட்டாம என்ன பண்றது?" என்று சிரித்தார். மதியம் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்ததும் உடைந்துவிட்டார். "அண்ணனை மாலையும் கழுத்துமா ஒருக்கா பாத்திருக்கோணும்டி" என்று அழுதார். அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை.

செய்தி கேட்டு நான் போனபோது, அக்காவை அவர் வீட்டில் கிடத்தியிருந்தார்கள். வாசலில் உட்கார்ந்திருந்த பெரியப்பா என்னைக் கூப்பிட்டார்.

"நீதான கண்ணு அவகூட லேப்ல இருந்த புள்ளை? அவ அளந்தது தப்பா இருக்குமா? ஒரு வார்த்தை சொல்லு கண்ணு."

அவருக்கு என்ன வேண்டுமென்று எனக்குப் புரிந்தது. அக்கா அளந்தது தப்பென்றால், அவர் ஒதுக்கி வைத்ததில் கொஞ்சமாவது நியாயம் மிஞ்சும். "இருக்கலாமுங்க" என்று ஒரு சொல் சொன்னால் போதும். சொல்லித் தொலையேன் என்பதுபோலத்தான் சுற்றி நின்றவர்களும் பார்த்தார்கள்.

"இல்லீங்க. அக்கா அளந்தது சரிதானுங்க. தப்பா இருக்கோணும்னு வேண்டிக்கிட்டேதான் திரும்பத் திரும்ப அளந்தாங்க."

அவர் துண்டை வாயில் அழுத்திக்கொண்டார். எழுந்துபோய் அக்காவின் கால்மாட்டில் உட்கார்ந்தவர், எடுக்கும்வரை அந்த இடத்தை விட்டு எழவில்லை.

அக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது, பெரியப்பாவிடம் அன்று சொன்ன அந்தப் பதிலைத்தான். அளந்ததை அப்படியே சொல்ல வேண்டும் என்று கற்றுக்கொடுத்தீர்கள். சொன்ன பிறகு இவ்வளவு வலிக்கும் என்று சொல்லவே இல்லையே அக்கா.