கம்ஷாத்தின் நீலப் படிகம்

கம்ஷாத்துக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. கரகண்டா நகரில் அவள் வேலை பார்த்த வேதியியல் கூடத்தில் இதை அறியாதவர் இல்லை. டிரையசோல் என்ற சேர்மத்தைச் செம்பு உப்போடு சேர்த்துப் புதுக் கூட்டுப்பொருள் ஒன்று செய்துகொண்டிருந்தாள். அவசரமாகச் சூடாக்கி, கலக்கி, வடிகட்டினால் ஒவ்வொரு முறையும் வருவது நீலத் தூள்தான். தூளை வைத்து என்ன செய்ய? டிரையசோலில் நைட்ரஜன் மூன்று; செம்பு எதைப் பிடித்திருக்கிறது என்பதை எக்ஸ்-கதிர்ப் படம்தான் காட்டவேண்டும், அதற்கு நல்ல படிகம் வேண்டும். வசந்தத்துக்குள் படம் வராவிட்டால் ஆய்வேடும் இல்லை, வேலையும் இல்லை. நாத்தனாரின் மருந்துக்கடையில் போய் நிற்கவேண்டியதுதான். அந்த நினைப்பே அவளுக்கு வேப்பங்காயாகக் கசந்தது.

புத்தாண்டு விடுமுறைக்கு முன், மிஞ்சிய கடைசிக் கரைசலை ஜாம் பாட்டிலில் ஊற்றி, வாயைத் தாளால் கட்டி, வெப்பக்குழாய்க்கு மேலே ஜன்னலோரம் வைத்துவிட்டுப் போனாள். சூட்டில் சீக்கிரம் வற்றட்டுமே என்ற எண்ணம்.

திரும்பி வந்தால் பாட்டிலைக் காணோம். பக்கத்து மேசை எர்கென் அண்ணன்மேல்தான் சந்தேகம். குளிர்காலத்துக்கு வெட்டிய குதிரை இறைச்சியைக் கெடாமலிருக்க, குளிர் நிற்கும் இரட்டை ஜன்னலின் கண்ணாடிகளுக்கு நடுவே வைக்கிற மனுஷர் அவர். வீட்டில் ஊரே அப்படித்தான் வைக்கும், ஆய்வுக்கூடத்திலுமா? எத்தனை தடவை சண்டை போட்டிருப்பாள்! இன்று எல்லாவற்றையும் தெருவில் வீசிவிடுவது என்று உள் ஜன்னலைத் திறந்தாள். இறைச்சிப் பொட்டலத்துக்குப் பின்னால் அவளுடைய பாட்டில் இருந்தது. அடியில் பளபளவென்று நீலப் படிகங்கள்.

தேநீர்க் கோப்பையோடு எர்கென் வந்தார்.

"நான்தாம்மா குளிர்ல மெதுவா வளரட்டும்னு உள்ள வச்சேன். குழாய்ச் சூட்டுல ஒரே நாள்ல வத்தி மறுபடியும் தூளாப் போயிருக்கும். பதறாத காரியம் சிதறாதுன்னா நீ எங்க கேக்குற?"

"விஷத்தைக் கறியோட வைப்பாங்களாண்ணே? தெரியாம யாராச்சும் தின்னுருந்தா?" என்று கேட்டாள் கம்ஷாத்.

"உன் வாயில விழறதுக்கு அந்த விஷமே தேவலாம்மா."

படம் வந்தது. வளையத்தின் நான்காம் இடத்தில் தனியாக நிற்கும் நைட்ரஜனைத்தான் செம்பு பிடித்திருக்கும் என்று குழுவின் மூத்தவர் அடித்துச் சொல்லியிருந்தார். படத்திலோ, பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு நைட்ரஜன்களை ஆளுக்கொன்றாக இரண்டு செம்பு அணுக்கள் பிடித்திருந்தன. கம்ஷாத் ஆய்வேட்டில் எழுதியதும் படம் காட்டியதைத்தான். உடனே பேருந்து ஓட்டும் கணவன் தௌலெத்தைப் போனில் கூப்பிட்டு மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் ஒப்பித்தாள்.

"எனக்கு ஒரு மண்ணும் புரியலை. மருந்துக்கடைக்குப் போகணுமா வேணாமா, அதைச் சொல்லு."

"வேணாங்க."

சொன்னதுமே தாழ்வாரத் தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

"அப்பாடா! உன்னையும் எங்கக்காவையும் ஒரே கடையில விடணுமேன்னு நானும்தான் தூங்கலைடி."