சிவப்புச் செருப்புத் துண்டு கட்டிய சாக்கு

அன்றைக்குப் படகில் இருந்தது நான்கு பேர்: நான், என் தங்கச்சி ரசீனா, அவளைக் கட்டிய மாப்பிள்ளை நவ்பர், படகோட்டி அந்தோனி. கல்பிட்டிக்கு அப்பால் உச்சமுனைத் தீவில் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது பிலோமினாவும் அவளுடைய புருஷனும். வேறு ஆள் இல்லை. "நானும் அங்கே நின்றேன்" என்று வேறு யாராவது கதை சொன்னால் நம்ப வேண்டாம்.

போன காரணம் கருவாடு. பிலோமினா பதினொரு வருஷமாகப் புத்தளம் சந்தைக்குக் கருவாடு கொண்டு வருகிறவள். நான் வேறு ஆளிடம் வாங்குவதில்லை. இந்த ஹஜ்ஜுப் பெருநாளைக்கு வாங்கிய கட்டா மீன் கருவாட்டைப் பொரித்தால் பிளாஸ்டிக் எரித்த மணம். போன் எடுத்துக் கேட்டேன். "வந்து பாருங்க ராத்தா" என்றாள்; அக்கா முறை வைத்து என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். பெருநாள் கழிந்து இரண்டாவது சனிக்கிழமை போனேன்.

புத்தளத்தில் காலை 6.10 பஸ். பாலாவியால் திரும்பிக் கல்பிட்டி போக 45 கிலோமீற்றர், ஒன்றரை மணித்தியாலம், ஆளுக்கு 250 ரூபா. துறைக்கு ஓட்டோ 200. அங்கிருந்து ஊர்ப் படகில் ஆளுக்கு 500, நாற்பது நிமிஷம். காலையில் களப்புத் தண்ணி பாய் விரித்த மாதிரிக் கிடந்தது. நவ்பர் புது வெள்ளைக் காற்சட்டை போட்டு வந்திருந்தார். அதை மறக்க வேண்டாம்.

உச்சமுனைப் பெண்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். போத்தல், சொப்பிங் பேக், கிழிந்த வலை எல்லாவற்றையும் சாக்கில் கட்டி, கல்பிட்டிக்குத் திரும்பும் படகில் ஆளுக்கு ஒன்று ஏற்றிவிடுவார்கள். வீட்டுக்கு வீடு கட்டும் நூல் வேறு. துறையில் பழைய பிளாஸ்டிக் எடுக்கிறவர் சாக்கைக் கொட்டிவிட்டு, வெறும் சாக்கை அதே நூலோடு அடுத்த படகில் அனுப்புவார். வெறும் சாக்கு வந்தால் குப்பை போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம்.

பிலோமினா மட்டும் கருவாட்டுப் பந்தலுக்குப் பின்னால் குழி தோண்டி எரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் பிள்ள, நீ குடுக்கிறல்லையா?"

"போன வருஷம் குடுத்தன் ராத்தா. வெறும் சாக்கு வரவே இல்ல. எவனோ நடுக்கடல்ல தள்ளிட்டான். அதுக்கு நானே எரிக்கலாம்."

"ஒன்னு கட்டித் தா. என்ட கையால குடுக்கிறன்."

என்னை நல்லாப் பார்த்துவிட்டுத்தான் கட்டினாள். நீல நூல், முனையில் வலைக்கு மிதப்பாகக் கட்டுகிற சிவப்புச் செருப்புத் துண்டு ஒன்று.

மூன்று மணிக்குத் திரும்பினோம். தென்மேற்குக் கச்சான் காற்று எழும்பிவிட்டது. அலைத் தண்ணி மேலே தெறிக்க, நான் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் சாக்கைக் காணவில்லை.

"எங்க சாக்கு?"

"மீன் தண்ணி காற்சட்டையில வடியுது ராத்தா," என்றார் நவ்பர். "தள்ளிட்டன். கடல் என்ன சின்னக் கடலா?"

அந்தோனி படகை இரண்டு தரம் சுற்றித் தேடினான். அலைநுரையில் ஒன்றும் தெரியவில்லை. ரசீனா என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அவர்கள் பஸ் ஏறிப் போனார்கள். நான் கல்பிட்டியில் மாமி மகள் வீட்டில் தங்கி, விடிந்ததும் இன்னொரு 500 கொடுத்துத் திரும்ப உச்சமுனைக்குப் போனேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன்.

கரையில் பிலோமினா நின்றாள். காலடியில் ஈரச் சாக்கு, சிவப்புச் செருப்புத் துண்டோடு.

"எங்கட அவர்ட வலையில வந்திச்சு ராத்தா. மீன் இல்ல, இதுதான்."

"தள்ளினது நவ்பர். வாக்குக் குடுத்தது நான். ஏசிறதெண்டா என்னை ஏசு."

அவள் ஏசவில்லை. "வலை ரெண்டு இடத்துல கிழிஞ்சிட்டு" என்றாள். உட்கார்ந்தோம். நான் வலையை இழுத்துப் பிடித்தேன், அவள் பின்னினாள். முடிந்ததும் சாக்கின் வாயைத் திரும்பக் கட்டி, "மடியில வச்சுக்கொண்டு போங்க" என்றாள். நாற்பது நிமிஷமும் மடியில்தான் வைத்திருந்தேன். துறையில் அதைக் கொட்டும்வரை நின்று, வெறும் சாக்கை என் கையாலேயே அந்தோனியிடம் கொடுத்தேன். அன்று பின்னேரம் போன் வந்தது: "சாக்கு வந்திச்சு ராத்தா." போன கிழமை வாங்கிய கருவாட்டில் புகை மணம் இல்லை.

போகிறவர்களுக்கு: ஏழு, எட்டு மணிக்கெல்லாம் படகேறுங்கள், பின்னேரம் காற்று. தண்ணியை வீட்டுப் போத்தலில், சோற்றைப் பெட்டியில் கொண்டு போங்கள். திரும்பும்போது ஒரு சாக்கைக் கேட்டு வாங்கி, உங்கள் கால் இடுக்கிலேயே வைத்திருங்கள். வெள்ளைக் காற்சட்டைக்காரர் பக்கத்தில் வைக்க வேண்டாம்.

பிலோமினாவின் சாக்கைப் போன வருஷம் தள்ளியவன் யாரென்று எனக்குத் தெரியாது, அவனை அல்லாஹ் பார்த்துக்கொள்வான். இந்த வருஷம் தள்ளியவர் போன வெள்ளிக்கிழமை ரசீனாவோடு வந்து, வட்டிலப்ப இனிப்பை என் முன்னால் வைத்து, "இன்னும் கோவமா ராத்தா?" என்று சிரித்தார். வட்டிலப்பத்தைச் சாப்பிட்டேன். அவரை மன்னிக்கவில்லை. பெயரையும் எழுதிவைக்கிறேன்: பாலாவி நவ்பர்.